தட்டலாமா, காத்திருக்கலாமா?

சீட்டாடத் தெரிந்த இரண்டு பேர் மட்டும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டால் என்ன ஆடுவது? நம் ஊரில் இதற்கு நல்ல பதில் கிடையாது. இருபத்தெட்டுக்கு நான்கு பேர் வேண்டும். கழுதை, குழந்தைகள் ஆட்டம். பதின்மூன்று சீட்டு ரம்மியை இரண்டு பேர் ஆடலாம்தான். ஆனால் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருவன் போடுகிற சீட்டுக்கு அடுத்தவன் ஏங்கி, மூன்றாமவன் முறைத்து, கை சரியில்லாதவன் ஸ்கூட் விட்டு ஒதுங்கி, டீக்குப் போய்வருகிற கலகலப்பில்தான் அதற்கு உயிர். எதிரே ஒரே ஆள் என்றால் அது கணக்குப் பாடம் போல ஆகிவிடும்.

இரண்டு பேருக்கென்றே ஒரு ரம்மி இருக்கிறது. பெயர் ஜின் ரம்மி. அமெரிக்காவில் பிறந்தது. நான் அதைக் கற்றுக்கொண்டது அமெரிக்காவில் அல்ல, சரக்குக் கப்பலில். தூத்துக்குடியிலிருந்து கிளம்பி நான்காவது பொறியாளனாகச் சேர்ந்த காலம். கப்பலில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பதவிதான் பெயர். நான் 'ஃபோர்த்'. இன்ஜின் ரூமுக்கெல்லாம் தலைவரான குரோஷியாக்காரர் 'சீஃப்'. எனக்குக் காலையிலும் இரவிலும் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வாட்ச். சீஃபுக்கு வாட்ச் இல்லை, பகல் வேலை. ஆக, சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வருவதற்கும் நான் இரவு வாட்ச்சுக்குக் கீழே இறங்குவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருவருக்கும் பொதுவாகக் கிடைக்கும். பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்துக்கு வெளியே சர்க்கரை ஏற்ற முறை வராமல் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். "ஃபோர்த், உட்கார்" என்றார் சீஃப். மேஜை விரிப்பைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து விரித்தார். கப்பல் அலையில் சாயும்போது தட்டு நழுவாமலிருக்கச் சமையல்காரர்கள் செய்கிற வேலை அது. சீட்டுக்கும் அதே வைத்தியம். முனைகள் மட்டும் சீக்கிரம் நைந்துபோகும்.

ஜின் எங்கிருந்து வந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 1909-இல் நியூயார்க்கில் எல்வுட் டி. பேக்கர் என்பவர் தன் மகன் கிரகாம் பேக்கருடன் சேர்ந்து இதை அமைத்தார் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். தகப்பனார் புரூக்ளினில் விஸ்ட் சொல்லிக்கொடுத்தவர். விஸ்ட் என்பது துருப்பு வைத்துப் பிடி எடுக்கும் ஆட்டம், பிரிட்ஜுக்கு முன்னோடி. அப்போது அமெரிக்காவில் ரம் என்ற ரம்மி ஆட்டம் பரவியிருந்தது. ரம் ஒரு மதுவின் பெயரும்கூட, அதனால் புது ஆட்டத்துக்கு இன்னொரு மதுவின் பெயரை வைத்தவர் மகன் என்பார்கள். விளையாட்டுப் பிள்ளைதான். பின்னாளில் ஹாலிவுட் போய்த் திரைக்கதை எழுதினார். அல் ஜோல்சன் நடித்து 1928-இல் வந்த 'தி சிங்கிங் ஃபூல்' படத்தில் அவர் பெயர் இருக்கிறது.

ரம்மியின் வேர் பேக்கருக்கும் முந்தையது. மெக்சிகோவிலும் அதை ஒட்டிய டெக்சாஸ் பக்கத்திலும் கான்கியன் என்று ஒரு இருவர் ஆட்டம் இருந்தது. 8, 9, 10 இல்லாத நாற்பது சீட்டு ஸ்பானியக் கட்டு, எனவே ஏழுக்கு அடுத்தது நேராக ஜாக்கி. ஆர். எஃப். ஃபாஸ்டர் 1897-இல் வெளியிட்ட தன் சீட்டாட்டக் கையேட்டில் இதை விவரித்திருக்கிறார். ரம்மிக் குடும்பம் முழுவதற்கும் இதுவே மூதாதை என்பது சீட்டாட்ட வரலாறு எழுதிய டேவிட் பார்லெட்டின் முடிவு. இதன் விதிகளில் ஒரு குறும்பு உண்டு. ஆளுக்குப் பத்துச் சீட்டு, ஆனால் ஜெயிக்கப் பதினொன்றைச் சேர்த்து இறக்கவேண்டும். கட்டிலிருந்து திருப்பிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ள முடியாது. அங்கேயே கைச்சீட்டோடு சேர்த்துத் தரையில் இறக்கவேண்டும், இல்லாவிட்டால் விடவேண்டும். எதிராளி இறக்கியதில் ஒட்டக்கூடிய சீட்டு உங்களிடம் வந்தால் அதை அவர் தலையில் கட்டி, 'எடுத்தே ஆகவேண்டும்' என்று வற்புறுத்தலாம். அவர் சேர்த்து வைத்த ஒழுங்கு அதிலேயே குலைந்துபோகும்.

இதற்கும் பின்னால் போனால் சீனா வருகிறது. சீனாவில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த வில்லியம் ஹென்றி வில்கின்சன் 1891-இல் கான்ஹூ என்ற சீன ஆட்டத்தைத் தன் நாட்டினருக்கு எழுதி அறிமுகப்படுத்தினார். ஒன்றை எடு, ஒன்றைப் போடு, கையில் சேர்க்கை உண்டாக்கு என்ற அடிப்படை அதிலும் இருக்கிறது, மாஜோங்கிலும் இருக்கிறது. சீனாவிலிருந்து மெக்சிகோவுக்கு அது கப்பலேறிப் போனதா, இரண்டு இடத்திலும் தனித்தனியே முளைத்ததா என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். கப்பலில் காலம் கழித்தவனுக்கு முதல் யோசனைதான் பிடிக்கும். எங்கள் பிலிப்பைன்ஸ் மாலுமிகள் ஆடிய டோங்-இட்ஸும் ரம்மிதான், மூன்று பேர் ஆட்டம். உருகுவேயின் மான்டிவிடியோவில் 1939 வாக்கில் உருவான கனாஸ்டாவும் இதே குடும்பம். துறைமுக ஊர்களில் எதைத் தட்டினாலும் ஒரு ரம்மி வந்து விழும்.

ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஒரே கட்டு, 52 சீட்டு. ஜோக்கர் கிடையாது. இது ஒன்றே நம்மவர்களுக்கு முதலில் திண்டாட்டம். ஜோக்கர் வந்து காப்பாற்றும் என்ற நப்பாசைக்கு ஜின்னில் இடமில்லை. ஆளுக்குப் பத்துச் சீட்டு போட்டுவிட்டு இருபத்தோராவதைத் திருப்பி வைக்கவேண்டும். மிச்சம் 31 சீட்டு கவிழ்ந்த கட்டு. திறந்திருக்கும் அந்தச் சீட்டு வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்பவர் சீட்டுப் போடாதவர். அவர் வேண்டாமென்றால் போட்டவர் எடுக்கலாம். இருவருக்குமே வேண்டாமென்றால் போடாதவர் கட்டிலிருந்து எடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார். பிறகு வழக்கமான நடைதான். கட்டிலிருந்தோ திறந்த குவியலின் மேலிருந்தோ ஒன்றை எடுத்து, கையிலிருந்து ஒன்றைப் போடவேண்டும்.

சேர்க்கை இரண்டு வகை. ஒரே எண்ணில் மூன்றோ நான்கோ சீட்டு இருந்தால் செட். ஒரே இனத்தில் அடுத்தடுத்து மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் வரிசை. நம் ரம்மியில் ஜோக்கர் கலக்காத ஒரு வரிசை கட்டாயம், அது இல்லையென்றால் மற்றதெல்லாம் சேர்ந்திருந்தும் ஃபுல் எண்ணுவார்கள். ஜின்னில் அந்தக் கட்டாயம் இல்லை. எல்லாமே செட்டாக இருக்கலாம், எல்லாமே வரிசையாகவும் இருக்கலாம். ஏஸ் மட்டும் கீழ்ப்பக்கத்துக்காரன். ஏஸ்-2-3 சேரும், ராணி-ராஜா-ஏஸ் சேராது.

சேராமல் கையில் நிற்பதை நான் உதிரி என்று சொல்கிறேன். அதற்குத்தான் புள்ளி. ராஜா, ராணி, ஜாக்கி தலைக்குப் பத்து, ஏஸ் ஒன்று, மற்றவை எண்ணுக்கு ஏற்றபடி. கட்டு முழுவதையும் கூட்டினால் 340 வரும். அப்படியென்றால் பத்துச் சீட்டுக் கையில் சேர்க்கை எதுவும் இல்லாவிட்டால் சராசரியாக 65 புள்ளி இருக்கும். கையை முதன்முதலாக விசிறிப் பார்க்கும்போது இந்த 65 மனதில் இருப்பது நல்லது. 50-க்குக் கீழே இருந்தால் நல்ல கை.

இனி, ஜின்னை ஜின் ஆக்குகிற விதி. கையிலுள்ள பத்துச் சீட்டும் சேர வேண்டுமென்று காத்திருக்க வேண்டியதில்லை. உதிரியின் கூட்டல் பத்து அல்லது அதற்குள் வந்துவிட்டால் போதும், உங்கள் முறையில் ஒரு சீட்டைக் குவியலில் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை நிறுத்திவிடலாம். இதற்குத் 'தட்டுவது' என்று பெயர். மேஜையை விரலால் தட்டுவதும் உண்டு, எங்கள் சீஃப் மோதிர விரலால் தட்டுவார். தட்டியவர் தன் கையை விரித்துக் காட்டவேண்டும். எதிராளியும் விரிப்பார். ஆனால் எதிராளிக்கு ஒரு சலுகை. தன் உதிரியில் எதெல்லாம் தட்டியவருடைய சேர்க்கையோடு ஒட்டுமோ அதையெல்லாம் ஒட்டிக் கழித்துக்கொள்ளலாம். அதன் பிறகு மிஞ்சுவதில் வித்தியாசம் எவ்வளவோ அது தட்டியவருக்கு.

ஒரு கையை வைத்துச் சொல்கிறேன். என்னிடம் ஆர்ட்டின் 5, 6, 7. மூன்று ஒன்பதுகள், ஆர்ட்டின் ஒன்பது மட்டும் இல்லை. உதிரியாக ஒரு ஏஸ், ஒரு 2, ஒரு 3, ஒரு 4. கூட்டினால் பத்து. தட்டுகிறேன். எதிராளியிடம் மூன்று ராஜா, ஆர்ட்டின் 8, மற்றபடி ஒரு ராணி, ஒரு ஜாக்கி, 6, 5, 4, 2 என்று ஒட்டாத சீட்டுகள். ஆர்ட்டின் எட்டை என் வரிசையில் ஒட்டிக்கொள்வார். மிச்சம் 37. என் பத்தைக் கழித்தால் எனக்கு 27 புள்ளி.

அதே இடத்தில் அவர் கை வேறாக இருந்தால்? மூன்று ராஜா, மூன்று ஜாக்கி, ஆர்ட்டின் 8, ஆர்ட்டின் 9, ஒரு 4, ஒரு 2 என்று வைத்துக்கொள்வோம். எட்டும் ஒன்பதும் என் ஆர்ட்டின் வரிசையிலேயே போய் உட்கார்ந்துவிடும். அவரிடம் மிஞ்சுவது ஆறு. என்னிடம் பத்து. தட்டியவனைவிடத் தட்டப்பட்டவர் குறைவு! இப்போது வித்தியாசம் நான்கும் அவருக்கு, அதற்கு மேல் தண்டமாக 25-உம் அவருக்கு. சமமாக இருந்தாலும் தண்டம் அவருக்குத்தான். ஒரு கை நிறையப் புள்ளியோடு தட்டிவிட்டு எதிராளி நிதானமாக ஒவ்வொரு சீட்டாக ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல அனுபவம் அல்ல.

தட்டாமல் காத்திருந்து பத்தும் சேர்ந்துவிட்டால் அதுதான் ஜின். அப்போது எதிராளி எதையும் ஒட்ட முடியாது. அவருடைய உதிரி முழுவதும் உங்களுக்கு, கூடவே 25 புள்ளி. பழைய கணக்கில் இதற்கு 20 வைப்பதும் உண்டு, உட்காரும் முன்பே பேசி வைத்துக்கொண்டால் சண்டை வராது. முதலில் 100 புள்ளி தொடுபவருக்கு ஆட்டம். கட்டில் இரண்டே சீட்டு மிஞ்சும்வரை யாரும் தட்டவில்லையென்றால் அந்தக் கை செல்லாது, மறுபடி கலைத்துப் போடவேண்டும்.

விதிகள் இவ்வளவுதான். ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஏழோ எட்டோ கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, இப்போதே தட்டுவதா, இன்னும் ஒரு சுற்று பார்ப்பதா? ஆரம்பத்தில் சீஃப் சட்டென்று தட்டுவார். மூன்றாவது, நான்காவது சீட்டிலேயே. ராஜாவும் ராணியுமாகக் கையில் பிடித்துக்கொண்டு நல்லது வரும் என்று நான் கனவு கண்டுகொண்டிருக்கும்போது டொக்கென்று சத்தம் கேட்கும். எதிராளியின் கை இன்னும் ஒழுங்குபடாத நேரத்தில் ஒன்பது புள்ளியோடு தட்டுவது பலம். பத்துச் சுற்று கழிந்த பிறகு அதே ஒன்பதோடு தட்டுவது ஆபத்து, ஏனென்றால் அதற்குள் அவரும் குறைத்திருப்பார். சீட்டு அதேதான், நேரம்தான் வேறு. நம் ரம்மியில் இந்த இக்கட்டு கிடையாது. முழுதும் சேர்ந்தால் கவிழ்க்கலாம், சேராவிட்டால் இல்லை, அவ்வளவுதான். அரைகுறைக் கையோடு வாசலை மூடுகிற உரிமையைத் தந்ததுதான் ஜின்னின் சாமர்த்தியம் என்பேன். காத்திருக்கும் ஆட்களுக்கு ஏற்ற ஆட்டமாக அது ஆனதும் இதனால்தான். ஒரு கை சில நிமிடத்தில் முடியும், மணி அடித்தால் எழுந்து போகலாம்.

ஹாலிவுட் இதைப் பிடித்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. படப்பிடிப்பில் விளக்கு மாற்றும்வரை உட்கார்ந்திருப்பதும் நங்கூரத்தில் கிடப்பதும் ஒரே வேலை. 1930-களின் முடிவிலும் 40-களிலும் நடிகர்களும் எழுத்தாளர்களும் ஜின்னில் மூழ்கிக் கிடந்தார்கள். புள்ளி எழுதும் ஒரு முறைக்கே 'ஹாலிவுட்' என்று பெயர். ஒரே நேரத்தில் மூன்று ஆட்டம் நடப்பதாகக் கொண்டு மூன்று பத்தி போடுவார்கள். உங்கள் முதல் வெற்றி முதல் பத்தியில் மட்டும் ஏறும். இரண்டாவது வெற்றி முதல் இரண்டிலும் ஏறும். மூன்றாவதிலிருந்து மூன்றிலும். பின்தங்கியவர் கடைசிவரை எழுந்து போகமாட்டார், மூன்றாவது பத்தியில் இன்னும் நம்பிக்கை இருக்கும். சூதாடிகள் கண்டுபிடித்த தந்திரம் என்றே சொல்வேன்.

திரையிலும் ஜின் நிறைய வந்திருக்கிறது. 1950-இல் வந்த 'பார்ன் யெஸ்டர்டே'யில் ஜூடி ஹாலிடே பிராடரிக் கிராஃபோர்டை எதிரே உட்காரவைத்து ஜின்னில் வதைக்கிற காட்சியில் பேச்சே குறைவு. சீட்டை விசிறி அடுக்கும் அவர் விரலும் முணுமுணுப்பும்தான். அந்தப் படத்துக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. பில்லி வைல்டரின் 'தி அபார்ட்மென்ட்' ஒரு ஜின் கட்டோடுதான் முடிகிறது. 'கோல்ட்ஃபிங்கர்' நாவலில் வில்லன் ஏமாற்றுவது கனாஸ்டாவில். 1964-இல் படமாக்கியபோது அதை ஜின்னாக மாற்றினார்கள். மாடி பால்கனியில் ஒரு பெண் தொலைநோக்கியால் எதிராளியின் கையைப் பார்த்து வில்லனின் காதுக்கருவிக்குச் சொல்லிக்கொண்டிருப்பாள். சினிமாவுக்காக ஜோடித்தது என்றாலும் ஒன்று உண்மை. எதிராளியின் பத்துச் சீட்டு தெரிந்துவிட்டால் ஜின்னில் ஆடுவதற்கு ஒன்றுமில்லை.

தொலைநோக்கி இல்லாமலே அதைத் தெரிந்துகொண்ட ஒருவர் இருந்தார். ஸ்டூ உங்கர், 1953-இல் பிறந்த நியூயார்க்காரர். அவர் நினைவாற்றலைப் பற்றிப் போக்கர் உலகத்தில் கதைகதையாகச் சொல்வார்கள். விழுந்த சில சீட்டுகளைக் கொண்டே எதிரில் இருப்பவர் கையைப் படித்துவிடுவார் என்பதால் கடைசியில் அவரோடு ஜின் ஆட ஆளே கிடைக்கவில்லை. வேறு வழியின்றிப் போக்கருக்கு மாறினார். 1980, 1981 இரண்டு ஆண்டும் உலகப் போக்கர் தொடரின் தலையாய போட்டியில் வென்றார். போதையில் சீரழிந்து, மீண்டும் 1997-இல் வந்து அதே பட்டத்தை எடுத்தார். மறு ஆண்டே லாஸ் வேகஸின் ஒரு மலிவு விடுதி அறையில் இறந்துகிடந்தார், வயது 45. போக்கரில் தன்னை மிஞ்ச ஒருவன் வரலாம், ஜின்னில் வருவது கடினம் என்பது அவர் தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பீடு.

நமக்கு அந்த மூளை வேண்டாம். இரண்டு மூன்று பழக்கம் போதும். முதலாவது, பெரிய சீட்டைச் சீக்கிரம் கழிப்பது. ஆனால் எல்லாரும் அதைச் செய்வதால், ஆரம்பத்தில் குவியலில் ராஜாவும் ராணியும் நிறைய விழும் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும். ஜோடி ராஜா வைத்திருப்பவருக்கு அது நல்ல காலம். இரண்டாவது, நடுச்சீட்டின் மதிப்பு. ஏழை எடுத்துக்கொள்ளுங்கள். 5-6-7, 6-7-8, 7-8-9 என மூன்று வரிசைகளிலும், மற்ற மூன்று ஏழுகளோடு மூன்று விதமான செட்டுகளிலும் அது சேரும், மொத்தம் ஆறு வழி. ராஜாவுக்கு வரிசை ஒன்றே ஒன்று, ஆக நான்கு வழி. ஏஸுக்கும் நான்குதான், ஆனால் ஏஸ் உதிரியாக நின்றாலும் ஒரு புள்ளிதான். எனவே ஏஸை யாரும் வெறுப்பதில்லை. எதிராளிக்கு ஏழைத் தூக்கிப் போடுவது நன்கொடை. மூன்றாவது, தூண்டில். என்னிடம் கிளாவர் எட்டும் டைமண்ட் எட்டும் இருக்கின்றன, ஆர்ட்டின் எட்டு வேண்டும். ஆர்ட்டின் ஒன்பதைப் போடுவேன். 'இந்தப் பக்கம் இவனுக்குத் தேவையில்லை போலிருக்கிறது' என்று நினைத்து அவர் ஆர்ட்டின் எட்டைக் கழித்தால் என் செட் முடிந்தது. சீஃப் இந்தத் தூண்டிலில் சிக்குவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒன்பதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்.

ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்று நம் உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் நடந்த வழக்கில் சொல்லியிருக்கிறது. விழுந்த சீட்டை நினைவில் வைக்கவேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்ற திறமை வேண்டும் என்பது நீதிபதிகளின் வாதம். அவர்கள் பேசியது நம் ரம்மியைப் பற்றி. ஜின்னுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். பணம் வைப்பது வேறு விஷயம். கப்பலில் நாங்கள் வைத்தது குளிர்பானப் பெட்டிதான். அதற்கே மெஸ் ரூமில் முகம் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு.

இப்போது கரையில் என் மனைவியோடு ஆடுகிறேன். அவள் தட்டுவதே இல்லை. கையில் இரண்டு புள்ளி இருந்தாலும் ஜின் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். "எதுக்கு அவசரம்?" என்பாள். புத்தகப்படி இது தப்பான ஆட்டம், ஆனால் நான் தட்டியபோதெல்லாம் அவள் கை குறைவாகவே இருந்து 25 தண்டம் கட்டியிருக்கிறேன். அவளுக்காகவே ஓக்லஹோமா என்ற வகைக்கு மாறினோம். அதில் தட்டும் வரம்பு எப்போதும் பத்து அல்ல. முதலில் திருப்பி வைக்கிற சீட்டு என்ன காட்டுகிறதோ அதுதான் அந்தக் கைக்கு வரம்பு. ஆறு திரும்பினால் ஆறுக்குள் இருந்தால்தான் தட்டலாம். படச்சீட்டு என்றால் பத்து. திரும்பிய சீட்டு எதுவானாலும் ஸ்பேடாக இருந்தால் அந்தக் கையின் புள்ளி இரட்டிப்பு. ஏஸ் திரும்பினால் தட்டவே முடியாது, ஜின் அடித்தே தீரவேண்டும். ஏஸ் திரும்பிய கைகளில் அவளை நான் ஜெயித்ததாக நினைவில்லை.